இஓஎஸ்-08: ஒரு சிறிய செயற்கைக்கோள், அதைச் சுமந்த சிறிய ராக்கெட் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 ஆகஸ்ட் 16, வெள்ளிக்கிழமை காலை 9:17 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்எஸ்எல்வி-டி3 ராக்கெட் கிளம்பி, இஓஎஸ்-08 என்ற புவி கண்காணிப்புச் செயற்கைக்கோளை விண்ணில் விட்டது. சந்திரயான் அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் ஆர்வத்தோடு கேட்பவர்கள் நல்ல கேள்விகளாகவே கேட்கிறார்கள். அடிக்கடி வருபவற்றுக்கு இங்கே பதில்.

இஓஎஸ்-08 என்றால் என்ன, ஒரே மூச்சில் சொல்ல முடியுமா?

பெங்களூரில் உள்ள யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையத்தில் உருவான 175.5 கிலோ எடையுள்ள சோதனைச் செயற்கைக்கோள். தரையிலிருந்து 475 கி.மீ. உயரத்தில் வட்டப் பாதையில் சுற்றும்படி ஏவப்பட்டது. மூன்று கருவிகள் உள்ளன. ஒன்று வெப்பத்தைப் பார்க்கிறது, ஒன்று ஜிபிஎஸ் போன்ற சிக்னல்களின் எதிரொலிப்பைக் கேட்கிறது, மூன்றாவது புற ஊதாக் கதிரை அளக்கிறது. ‘சோதனை’ என்ற சொல்லை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அதை விட்டுவிட்டால் கீழே உள்ள பாதி பதில்கள் புரியாது.

175 கிலோ என்பது சின்னதா? நம்மைப் போல் இரண்டு மூன்று பேர் எடை இருக்கிறதே?

செயற்கைக்கோள் உலகத்தில் சின்னதுதான். 2019-இல் ஏவிய கார்டோசாட்-3 சுமார் 1,625 கிலோ. இந்தியாவின் முதல் புவி கண்காணிப்புச் செயற்கைக்கோளான பாஸ்கரா-1, 1979-இல் சோவியத் யூனியனிலிருந்து ஏவப்பட்டபோதே 440 கிலோவைத் தாண்டியது. அது செய்த வேலையோடு ஒப்பிட்டால், இன்றைய கருவிகளை எவ்வளவு சுருக்க முடிந்திருக்கிறது என்பது தெரியும்.

எண் வரிசை குழப்புகிறதே. 08 என்றால் எட்டாவதாக ஏவியதா?

இல்லை. 2020-இலிருந்து புவி கண்காணிப்புச் செயற்கைக்கோள்களுக்கு இஸ்ரோ இஓஎஸ் என்ற பொதுப்பெயரோடு எண் கொடுத்துவருகிறது. ஏவும் வரிசை வேறு. 06, 07 எல்லாம் பறந்த பிறகும் 05 தரையில்தான் இருந்தது.

இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ராக்கெட் நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது? எதற்குப் புதிதாக ஒரு ராக்கெட்?

பெரும்பாலானவர்கள் இதற்கு ‘செலவு குறைவு’ என்று பதில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். என் பார்வையில் அது இரண்டாவது காரணம். முதல் காரணம் காத்திருப்பு.

பிஎஸ்எல்வியில் சிறிய செயற்கைக்கோள்கள் போகாமல் இல்லை. 2017 பிப்ரவரி 15 அன்று ஒரே ராக்கெட்டில் 104 போயின. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கூடவே ஒட்டிக்கொண்டு போனவை. பெரிய செயற்கைக்கோள் தயாராகும்வரை காத்திருக்க வேண்டும், அதற்கு எந்தப் பாதை வேண்டுமோ அந்தப் பாதையிலேயே இறங்கிக்கொள்ள வேண்டும். உங்கள் கருவிக்கு வேறு உயரம், வேறு சாய்வு தேவை என்றால் அதை யாரும் கேட்கமாட்டார்கள்.

எஸ்எஸ்எல்வி இதற்காகவே வந்தது. 34 மீட்டர் உயரம், 2 மீட்டர் விட்டம், கிளம்பும்போது எடை சுமார் 120 டன். 500 கிலோ வரை 500 கி.மீ. உயரத்துக்குக் கொண்டுபோகும். மூன்று நிலைகளும் திட எரிபொருள். திட எரிபொருளில் ஒரு வசதி உண்டு: ஏவுவதற்குச் சற்று முன் எரிபொருள் நிரப்பும் தலைவலி கிடையாது. மோட்டார்களை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளலாம், தேவைப்படும்போது அடுக்கிவிடலாம். பிஎஸ்எல்வியைப் பொருத்தி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். இதைச் சில நாட்களில், சிறிய குழுவைக் கொண்டே முடிக்க வேண்டும் என்பது இலக்கு.

திட எரிபொருளின் கெட்ட குணமும் அதேதான்: பற்றவைத்தால் எரிந்து தீரும்வரை நிறுத்த முடியாது. அதனால் கடைசியில் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய, உச்சியில் சிறிய திரவ எரிபொருள் அமைப்பு ஒன்று இருக்கிறது. அதில் இருக்கும் எரிபொருள் சுமார் 50 கிலோதான். முதல் நிலையில் இருப்பதோ ஏறக்குறைய 87 டன். ஆனால் செயற்கைக்கோள் சரியான பாதையில் நிற்பதா இல்லையா என்பது அந்த 50 கிலோவின் கையில் இருக்கிறது.

முதல் முயற்சி தோற்றதாமே? என்னதான் நடந்தது?

2022 ஆகஸ்ட் 7. எஸ்எஸ்எல்வி-டி1. மூன்று நிலைகளும் எரிந்தன, செயற்கைக்கோள்களும் பிரிந்தன. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வெற்றி என்றுதான் தோன்றியிருக்கும். ஆனால் 356 கி.மீ. உயரத்தில் வட்டப் பாதையில் சுற்ற வேண்டிய இஓஎஸ்-02, ஒரு பக்கம் 356 கி.மீ., மறுபக்கம் 76 கி.மீ. என்ற நீள்வட்டத்தில் விழுந்தது. 76 கி.மீ. உயரத்தில் காற்று இருக்கிறது. அந்த உரசலில் எந்தச் செயற்கைக்கோளும் தாங்காது. கூடப் போன, மாணவிகள் செய்த ஆசாதிசாட் என்ற சிறிய செயற்கைக்கோளோடு சேர்த்து அதுவும் போனது.

காரணத்தை இஸ்ரோவின் ஆய்வு தெளிவாகவே சொன்னது. இரண்டாம் நிலை பிரியும்போது, கருவிகள் இருக்கும் தளத்தில் எதிர்பார்த்ததைவிட அதிகமான அதிர்வு ஏற்பட்டது. ராக்கெட் எவ்வளவு வேகமெடுக்கிறது என்று அளக்கும் முடுக்கமானிகள் அந்தக் கண நேர அதிர்வில் அளவின் எல்லையைத் தொட்டு நின்றன. கணினியில் உள்ள தவறு கண்டறியும் நிரல் அதைப் பார்த்து ‘உணரிகள் பழுது’ என்று முடிவு கட்டிவிட்டது. உண்மையில் அவை பழுதாகவில்லை. நிரல் இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் அவை வழக்கம்போல் அளந்துகொண்டிருப்பதைக் கண்டிருக்கும். ஆனால் அதற்குள் ராக்கெட், அந்த உணரிகளின் அளவை ஒதுக்கிவிட்டுப் பறக்கும் ‘மீட்பு முறை’க்கு மாறிவிட்டது. அந்த முறையில் பயணம் முடிந்தபோது தேவையான வேகத்தில் சிறு குறை இருந்தது.

எவ்வளவு சிறியது என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 356 கி.மீ. உயரத்தில் வட்டமாகச் சுற்ற நொடிக்கு சுமார் 7.69 கி.மீ. வேகம் வேண்டும். அதில் ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைந்தாலே மறுபக்கம் 76 கி.மீ. வரை இறங்கிவிடும். விண்வெளியில் 99 மதிப்பெண் என்பது தோல்வி என்று நண்பர்களிடம் நான் சொல்வது இதை வைத்துத்தான்.

அப்புறம், பிரிப்பு அமைப்பை மாற்றினார்கள். அதிர்வு குறைவாகக் கொடுக்கும், பிஎஸ்எல்வியில் ஏற்கெனவே தேறிய வகை வந்தது. நிரல் அவசரப்படாதபடி திருத்தப்பட்டது. 2023 பிப்ரவரி 10-இல் டி2 பறந்து இஓஎஸ்-07, ஜானஸ்-1, ஆசாதிசாட்-2 மூன்றையும் 450 கி.மீ. பாதையில் சரியாக விட்டது. ஆறே மாதத்தில் காரணம் கண்டுபிடித்து, திருத்தி, மறுபடி பறந்ததுதான் என்னை அதிகம் கவர்ந்த பகுதி.

டி3 அன்று ஏதாவது சிக்கல் இருந்ததா?

இல்லை. முதலில் ஆகஸ்ட் 15 என்றார்கள், ஒரு நாள் தள்ளிப்போனது. மற்றபடி கால் மணி நேரத்துக்குள் இஓஎஸ்-08 பிரிந்துவிட்டது. கூடவே எஸ்ஆர்-0 என்ற மிகச் சிறிய செயற்கைக்கோளும் போனது. எஸ்எஸ்எல்வியின் உருவாக்கக் கட்டம் முடிந்துவிட்டதாக அப்போதைய இஸ்ரோ தலைவர் எஸ். சோமநாத் அன்றே அறிவித்தார். மூன்று பரிசோதனைப் பயணங்களையும் சேர்த்து இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கிய தொகை 169 கோடி ரூபாய்.

அந்த மூன்று கருவிகளும் என்ன செய்கின்றன?

முதலாவது அகச்சிவப்புக் கேமரா. நடுத்தர அலைநீளம், நீண்ட அலைநீளம் என்று இரண்டு பட்டைகளில் பார்க்கிறது. எதற்கு இரண்டு? ஒரு பொருளின் வெப்பநிலை ஏற ஏற, அது அதிகமாக வெளிவிடும் கதிரின் அலைநீளம் குறையும். சாதாரணத் தரை அதிகமாக ஒளிர்வது 10 மைக்ரான் பக்கத்தில். காட்டுத்தீயோ 4 மைக்ரானுக்கு அருகில். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ‘வெயிலில் காய்ந்த பாறை’ எது, ‘எரிகிற இடம்’ எது என்று பிரித்துவிடலாம். பகல், இரவு இரண்டிலும் வேலை செய்யும். காட்டுத்தீ, எரிமலை, தொழிற்சாலை அல்லது மின்நிலைய விபத்து போன்றவற்றைக் கவனிப்பதற்கு ஏற்றது. கண்காணிப்பு வேலைக்கும் உதவும் என்பதை இஸ்ரோ மறைக்கவில்லை.

இரண்டாவது கருவிதான் எனக்குப் பிடித்தது. ஜிபிஎஸ், நாவிக் போன்ற வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் இடைவிடாமல் ரேடியோ சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. நம் போனுக்கு நேராக வருவது ஒரு பகுதி. மீதி கடலிலும் நிலத்திலும் பட்டுத் திரும்புகிறது. யாருக்கும் வேண்டாத அந்தத் திரும்பும் சிக்னலைத்தான் இஓஎஸ்-08 பிடிக்கிறது. அலையடிக்காத குளத்தில் நிலா முழு வட்டமாகத் தெரியும், காற்று வீசினால் கலைந்து நீளமாகப் பரவும் அல்லவா? அதே கணக்குதான். திரும்பி வரும் சிக்னல் எவ்வளவு கலைந்திருக்கிறது என்பதை வைத்துக் கடலின் சொரசொரப்பையும், அதிலிருந்து மேலே வீசும் காற்றின் வேகத்தையும் சொல்லிவிடலாம். நிலத்தில் ஈரமான மண் சிக்னலை அதிகமாகத் திருப்பும், காய்ந்த மண் குறைவாகத் திருப்பும். எனவே மண்ணின் ஈரம் தெரியும். வெள்ளம் தேங்கிய இடம் தெரியும். இமயமலைப் பனிப்பரப்பை ஆராயவும் பயன்படுத்தலாம்.

இதில் இரண்டு லாபம். சிக்னல் அனுப்பும் வேலை நம்முடையது இல்லை, கேட்பது மட்டும்தான். அதனால் ரேடார் செயற்கைக்கோள் கேட்கும் அளவுக்கு மின்சாரம் வேண்டாம். இந்தச் சிக்னல்களுக்கு மேகமும் மழையும் பெரிய தடையில்லை என்பதால், புயலுக்குள்ளேயே காற்றின் வேகத்தை அளக்க வழி இருக்கிறது. நாசா 2016 டிசம்பரில் ஏவிய சிக்னஸ் என்ற எட்டுச் செயற்கைக்கோள்களின் கூட்டம் இதே முறையில்தான் புயல் காற்றை அளந்தது. வங்கக் கடலை எதிர்பார்த்தே ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையையும் கழிக்கும் நமக்கு இதன் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, சிலிக்கான் கார்பைடால் ஆன புற ஊதா அளவி. இது பூமியைப் பார்ப்பதற்கு அல்ல. ககன்யான் விண்கலத்தின் ஜன்னல் வழியாக விண்வெளி வீரர்கள் மீது எவ்வளவு புற ஊதாக் கதிர் படும் என்று அளக்கப்போகும் உணரியை இங்கே முன்கூட்டியே சோதிக்கிறார்கள். காமா கதிர் அதிகமானால் எச்சரிக்கும் உணரியாகவும் இது பயன்படும்.

என் வீட்டு மாடி தெரியுமா?

தெரியாது. கவலை வேண்டாம். வெப்பக் கதிரின் அலைநீளம் கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட சுமார் இருபது மடங்கு அதிகம். அதே கூர்மை வேண்டும் என்றால் கேமராவின் வாயும் இருபது மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். 175 கிலோ செயற்கைக்கோளில் அதற்கு இடம் கிடையாது. 25 செ.மீ. அளவுக்கு நுணுக்கமாகப் பார்ப்பது கார்டோசாட்-3-இன் வேலை.

பாதை 37.4 டிகிரி சாய்வு என்கிறார்கள். புவி கண்காணிப்பு என்றால் துருவப் பாதைதானே வழக்கம்?

கவனித்துக் கேட்ட கேள்வி. வழக்கமாகத் துருவங்களைத் தொட்டுச் செல்லும் சூரிய ஒத்திசைவுப் பாதையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஒவ்வொரு இடத்தையும் ஏறக்குறைய ஒரே உள்ளூர் நேரத்தில் பார்க்கலாம், நிழல் ஒரே மாதிரி விழும், பழைய படத்தோடு ஒப்பிடுவது எளிது.

சாய்வு என்பது பூமத்திய ரேகையோடு பாதை உண்டாக்கும் கோணம். அது 37.4 டிகிரி என்றால் வடக்கிலும் சரி, தெற்கிலும் சரி, 37.4 டிகிரி அட்சரேகையைத் தாண்டிச் செயற்கைக்கோள் போகவே போகாது. ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு மேல் அது ஒருபோதும் வராது. ஆனால் இந்தியாவின் வடகோடி ஏறக்குறைய 37 டிகிரியில் முடிகிறது. கன்னியாகுமரியிலிருந்து வடகோடிவரை எல்லாமே அடங்கிவிடும். ஒரு சுற்றுக்கு 94 நிமிடம், நாளுக்கு பதினைந்து சுற்றுக்கு மேல். துருவங்களில் நேரத்தைச் செலவழிக்காததால் நம் அட்சரேகைகளுக்குத் திரும்பத் திரும்ப வரும். தீயையும் வெள்ளத்தையும் தேடுகிறவர்களுக்கு ஒரே நேரத்தில் பார்ப்பதைவிட அடிக்கடி பார்ப்பது முக்கியம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்கிழக்காக ஏவும்போது பூமியின் சுழற்சியும் கொஞ்சம் தள்ளிவிடும்.

நிழல் மாறிக்கொண்டே இருக்கும் என்பது குறைதான். வெப்பக் கேமராவுக்கும் எதிரொலிப்புக் கருவிக்கும் அது பெரிதாக வலிக்காது.

ஒரே வருட ஆயுள் என்று திட்டமிட்டார்களே, பணம் வீண் இல்லையா?

ஐந்து வருடம் ஓடி வருமானம் தர வேண்டிய செயற்கைக்கோளாக இருந்தால் இந்தக் கோபம் நியாயம். இது புதிய பொருட்கள் விண்வெளியில் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்க அனுப்பியது. தகவல் தொடர்பு, தரவுச் சேமிப்பு, இருப்பிடம் கணிப்பது என்று தனித்தனிப் பெட்டிகளில் இருந்தவற்றை ஒன்றாக்கி, 400 ஜிபி சேமிக்கும் ஒரே அமைப்பாகச் செய்திருக்கிறார்கள். மின்சுற்றுப் பலகையையே செயற்கைக்கோளின் சுவருக்குள் புதைத்திருக்கிறார்கள். பேட்டரிக்கும் அப்படியே. நொடிக்கு 6 டிகிரி திரும்பும் சின்ன ஆண்டெனா, வளையும் சூரியத் தகடு, மிகச் சிறிய விண்மீன் உணரி எல்லாம் உண்டு. மொத்த மின்னுற்பத்தி சுமார் 420 வாட்.

சுவருக்குள் பலகையைப் புதைத்தால் எடை குறையும். ஆனால் வெயிலில் சூடேறி நிழலில் உறையும் சுழற்சி ஒரு நாளில் பதினைந்து முறைக்கு மேல் நடக்கும்போது ஒட்டு விடுமா, விடாதா? வெற்றிட அறையில் சோதித்திருப்பார்கள்தான். நம்பிக்கை வருவதற்கு மேலே போய்ப் பார்க்க வேண்டும். 2,000 கிலோ செயற்கைக்கோளில் முதல்முறையாக முயன்று கோட்டைவிடுவதற்கு, இது எவ்வளவோ மேல்.

இந்தத் தரவுகள் பொதுமக்களுக்குக் கிடைக்குமா?

சோதனைச் செயற்கைக்கோள் தரவை எதிர்பார்த்து உட்கார வேண்டாம். ஆனால் 2023-இன் இந்திய விண்வெளிக் கொள்கைப்படி, 5 மீட்டர் நுணுக்கமோ அதைவிடத் தெளிவு குறைந்ததோ ஆன அரசின் தொலையுணர்வுத் தரவுகள் இலவசம். ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தின் பூநிதி தளத்தில் பதிவு செய்துகொண்டால் ரிசோர்ஸ்சாட் போன்றவற்றின் படங்களை இறக்கிக்கொள்ளலாம். வரைபடமாகப் பார்த்தால் போதும் என்றால் புவன் தளம் இருக்கிறது. புவியியல், வேளாண்மை படிக்கிற மாணவர்கள் கூகுள் எர்த்தோடு நின்றுவிடுவது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மாணவர்கள் செய்த செயற்கைக்கோள் என்ற செய்தி வந்ததே, அது இதுதானா?

அது ஆசாதிசாட். சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா ஒருங்கிணைத்தது. நாடெங்கும் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் அதில் பங்கேற்றார்கள். முதலாவது டி1-உடன் அழிந்தது. இரண்டாவது டி2-இல் வெற்றிகரமாகப் போனது. தோற்ற அதே ராக்கெட்டின் அடுத்த பயணத்திலேயே மறுபடி ஏற்றி அனுப்பிய துணிச்சல் எனக்குப் பிடித்திருந்தது.

ராக்கெட் ஏவுவதை நேரில் பார்க்கலாமா?

பார்க்கலாம். ஸ்ரீஹரிகோட்டாவில் பொதுமக்களுக்கான பார்வையாளர் மாடம் 2019-இலிருந்து இருக்கிறது. ஏவுவதற்கு முன் இணையத்தில் பதிவு திறப்பார்கள், சீக்கிரமே நிரம்பிவிடும். சூளூர்ப்பேட்டைவரை ரயிலில் போகலாம். கடைசி நேரத்தில் தேதி தள்ளிப்போகும் என்பதை மனதில் வைத்து விடுப்பு எடுங்கள். வானம் தெளிவாக இருந்தால் பழவேற்காட்டிலும், ஏன், சென்னைக் கடற்கரையிலும்கூட வடகிழக்கே அந்தப் புகைக்கோடு தெரியும்.

குலசேகரப்பட்டினம் ஏவுதளம் இதற்காகத்தானா?

ஆமாம், எஸ்எஸ்எல்வியைக் குறிவைத்துத்தான். 2024 பிப்ரவரி 28-இல் பிரதமர் அடிக்கல் நாட்டினார். தூத்துக்குடி மாவட்டத்தில் சுமார் 2,230 ஏக்கர், மதிப்பீடு 986 கோடி ரூபாய். தசராவுக்குப் பேர்போன குலசைக்கு இனி இன்னொரு அடையாளமும் சேரும்.

ஏன் அங்கே என்பதற்குப் பதில் வரைபடத்திலேயே இருக்கிறது. துருவப் பாதைக்குப் போக ராக்கெட் தெற்கே பறக்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே பறந்தால் வழியில் இலங்கை. எரிந்து முடிந்த நிலைகள் ஊர்களின் மேல் விழக்கூடாது என்பதால், முதலில் கிழக்கே விலகிப் போய்ப் பிறகு வளைந்து தெற்கே திரும்புகிறார்கள். அந்த வளைவுக்கு எரிபொருள் செலவு. பிஎஸ்எல்விக்கு அது தாங்கும். எஸ்எஸ்எல்வி போன்ற சின்ன ராக்கெட் அந்த வளைவுக்கே சுமையில் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டிவரும். குலசையிலிருந்து நேர் தெற்கே கடல்தான். பிஎஸ்எல்வி, ஜிஎஸ்எல்விக்கான திரவ எந்திரங்களைச் சோதிக்கும் மகேந்திரகிரியும் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது.

ஆனால் இஓஎஸ்-08 போன்ற 37 டிகிரிப் பாதைக்கு இந்த வளைவுச் சிக்கல் இல்லை. தென்கிழக்காகப் போனால் இலங்கை குறுக்கே வராது. அதனால் ‘குலசை வந்ததும் ஸ்ரீஹரிகோட்டா அவ்வளவுதான்’ என்று பேசுவதில் அர்த்தமில்லை.

இனி எஸ்எஸ்எல்வியை யார் செய்வார்கள்?

இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம். 2025 ஜூனில் நடந்த ஏலத்தில் 511 கோடி ரூபாய்க்கு அந்தத் தொழில்நுட்பத்தைப் பெற்றது. செப்டம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டு ஆண்டுகள் இஸ்ரோ கூடவே இருந்து, இரண்டு ராக்கெட்டுகள் செய்யக் கற்றுக்கொடுக்கும். அதன் பிறகு அவர்களே செய்து, அவர்களே வாடிக்கையாளரைத் தேடிக்கொள்ள வேண்டும்.

வேலை முடிந்த செயற்கைக்கோள் மேலேயே குப்பையாகக் கிடக்குமா?

475 கி.மீ. உயரத்திலும் மெல்லிய காற்று இருக்கிறது. அது இழுத்து இழுத்து, சில ஆண்டுகளில் பாதை தாழ்ந்து, வளிமண்டலத்தில் எரிந்துவிடும். சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் காலங்களில் மேல் வளிமண்டலம் விரிவதால் இது இன்னும் சீக்கிரமாக நடக்கும். 800 கி.மீ. உயரத்தில் விட்டிருந்தால்தான் நூறாண்டுக் கணக்கில் கவலைப்பட வேண்டியிருக்கும்.